டுவேன் சொபோட்காவின் கைக்கு எத்தனை மதிப்பெண்

கார்வின் தானியக் கிடங்கில் எடைமேடை பார்க்கும் டுவேன் சொபோட்கா கொடுக்கிற சீட்டை யாரும் சரிபார்ப்பதில்லை. சோளம் ஏற்றிய லாரி மேடையில் ஏறும். அவன் சன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவான். விவசாயி அதைப் படிக்காமலே சட்டைப்பையில் செருகிக்கொண்டு போவார். எங்கள் அயோவாக்காரர்கள் எடை விஷயத்தில் பெற்ற பிள்ளையையும் நம்பமாட்டார்கள். டுவேனை நம்புகிறார்கள். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான்.

அந்த மனிதனைப் பற்றி ஒரு கோடைக்காலம் முழுக்கத் தப்பாக எழுதி வைத்தவள் நான். அதுவும் அழியாத மையில்.

என் பெயர் லொரெய்ன் வாவ்ரா. பகலில் மாவட்டப் பதிவு அலுவலகத்தில் நிலப்பத்திரங்களைப் பார்த்து எழுதும் வேலை. கோடையில் சாயங்காலம் ஆனால் கார்வின் கெளுத்திகள் பேஸ்பால் குழுவின் ஆட்டங்களுக்கு அதிகாரபூர்வ ஸ்கோரர். கெளுத்திகள் ஒன்றும் பெரிய குழு இல்லை. பெரிய லீக் குழு ஒன்று தன் பையன்களைப் பழுக்கப் போட்டுவைக்கும் இடம், அவ்வளவுதான். பழுத்தவன் மேலே போவான், மற்றவன் வீட்டுக்குப் போவான்.

ஸ்கோரர் என்றால் ஓட்டத்தை எண்ணுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். எது தவறிப் போனாலும் அதை யாராவது ஒருவன் தலையில் எழுத வேண்டும், அதுதான் வேலை. பந்து கேட்சரைத் தாண்டிப் பின்னால் ஓடிவிட்டது என்று வையுங்கள். எறிந்தவன் கோணலாக எறிந்தானா, பிடிக்க வேண்டியவன் கோட்டைவிட்டானா? நான் மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு முடிவு சொல்வேன். பிடிப்பவன் பிழை என்று எழுதினால், அதனால் வரும் ஓட்டம் எறிந்தவன் கணக்கில் ஏறாது. அவன் ஓட்டச் சராசரி ஏறாமல் அழகாக நிற்கும். பழி முழுவதும் கேட்சருக்கு.

முடிவை மாற்ற எனக்கு இருபத்துநாலு மணி நேரம் அவகாசம் உண்டு. மாற்றியதே இல்லை. பத்திர ஆபீசில் வேலை செய்கிறவளின் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இருக்கலாமா? அந்தக் கோடையோடு ஒன்பது கோடை, ஒரு கீறல் கிடையாது. அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை.

1986இல் எங்கள் கேட்சர் டுவேன். இருபத்துமூன்று வயது. ஊருக்குப் பன்னிரண்டு மைல் தள்ளி அவன் அப்பாவின் மாட்டுப்பண்ணை. மற்ற பையன்களெல்லாம் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள்; இவன் ஒருவன்தான் எங்கள் ஊர்ப்பக்கம். அதனால் இவனைக் கிண்டல் செய்யும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. பந்து நழுவினால் போதும், "டுவேன், மாட்டு மடியா இருந்தா விட்டிருப்பியா?" என்று பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அந்த வருஷம் அது நிறையவே வந்தது. ஆகஸ்டுக்குள் என் புத்தகத்தில் அவன் பேரில் இருபத்தொரு பிழை. லீக்கிலேயே அதிகம்.

ஆகஸ்டு இரண்டாம் வாரம் வெர்ன் டட்டில் வந்தார். பெரிய குழுவின் ஆள். சின்ன ஊர் சின்ன ஊராகப் போய்ப் பையன்களைப் பார்த்து மதிப்பெண் போடுவது அவர் பிழைப்பு. முன்னாள் கேட்சர், வலதுகையில் இரண்டு விரல் வளைந்தபடியே நின்றுவிட்டது. ஒவ்வொரு திறமைக்கும் இருபதிலிருந்து எண்பது வரை எண். ஐம்பது என்றால் பெரிய லீக்கில் தேறுகிற ஆள். டுவேனை மூன்று நாள் பார்த்து, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அவர் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் கூண்டுக்கு வந்து என் காப்பியை எடுத்துக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"தோள் பிரமாதம், லொரெய்ன். கையுறையில பந்து விழுந்து ரெண்டாவது பேஸ் போய்ச் சேர ரெண்டு செகண்டுகூட ஆகல. அறுபது போட்டுட்டேன். மட்டை சுமார்தான், நாப்பது. பந்து பிடிக்கிற கை நல்லா இருந்தா வச்சுக்கலாம். கையும் இல்லைன்னா என்ன சொல்லி வச்சுக்கிறது?"

"அந்தக் காப்பி என்னுது."

"தெரியும். சர்க்கரை கம்மி."

அன்றைக்கு எறிந்தவன் ரெமி பாபினோ. லூசியானாவிலிருந்து வந்த பத்தொன்பது வயசுப் பையன். குழு பெரிதாக நம்பிக்கை வைத்திருந்தது அவன்மேல். ஐந்தாவது ஆட்டப்பகுதியில் இரண்டு பந்து டுவேனைத் தாண்டிப் போயின. இரண்டும் நேரான, எளிதான பந்துகள். டுவேன் கையுறையைத் தரையை ஒட்டி வைத்திருக்க, பந்து அவன் தோள் உயரத்தில் போனது. எனக்கு என்ன சந்தேகம்? பிடிப்பவன் பிழை என்று இரண்டு முறை எழுதினேன்; அதனால் வந்த மூன்று ஓட்டமும் ரெமி கணக்கில் ஏறவில்லை. கீழே வெர்னும் குனிந்து ஏதோ எழுதினார்.

சனிக்கிழமை காலை பேக்கரியில் கசகசா வைத்த கொலாச்சி பன் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் டுவேன். அவன் காசு நீட்டியபோது வலதுகை நகங்கள் கண்ணில் பட்டன. பளபளவென்று பீச் நிறச் சாயம்.

"என்னடா இது, கல்யாணப் பொண்ணு மாதிரி?"

காது சிவந்துவிட்டது. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். "தங்கச்சியோடது, வாவ்ராம்மா. சைகை தெரியணும்ல, அதுக்கு."

ஒரு விரல் காட்டினால் வேகப் பந்து, இரண்டு விரல் காட்டினால் வளைந்து தாழ்கிற பந்து. கேட்சர் தொடைகளுக்கு நடுவே காட்ட, எறிபவன் அறுபது அடி தள்ளி நின்று பார்ப்பான். விரல் மங்கலாகத் தெரிந்தால் கேட்சர்கள் நகத்துக்குச் சாயம் பூசுவது உண்டுதான். ஆனால் கார்வினில் விளக்குகள் புதிது. மற்ற எறிகாரர் யாருக்கும் தெரியாமல் போகவில்லை.

"யாருக்கு விரல் தெரியல?" என்று கேட்டேன்.

கொலாச்சியைக் கடித்தான். மென்றுகொண்டே வெளியே போய்விட்டான்.

வீட்டுக்குப் போனதும் புத்தகத்தை விரித்தேன். இருபத்துமூன்று பிழை. அதில் பதினேழு, ரெமி எறியும்போது. அந்தப் பையன் சாப்பாட்டுக் கடையில் சுவரில் இருக்கும் உணவுப் பட்டியல் பலகையைப் பார்க்கவே மாட்டான், பக்கத்தில் இருப்பவன் சொன்னதையே எனக்கும் என்பான். நானே எத்தனையோ முறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவனுக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. இரண்டு விரலை ஒன்றாகப் பார்த்து வேகமாக எறிகிறான். தாழ்ந்து வரும் என்று காத்திருக்கிற டுவேனின் தோளுக்கு மேலே பந்து போகிறது. மேலேயிருந்து பார்க்கிற எனக்கு விரல் தெரியாது. சைகை குழம்பினால் யார் தலையில் எழுதுவது என்று விதிப்புத்தகமும் தெளிவாகச் சொல்லவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குப் பதினேழு முறை சறுக்கியிருக்கிறது.

மூன்று மணிக்கு மைதானத்துக்குப் போனேன். டுவேன் தனியாக உட்கார்ந்து முழங்கால் கவசத்தின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"நேத்து ரெண்டையும் மாத்தப் போறேன். எறிஞ்சவன் பிழைன்னு. ராத்திரி பத்து மணி வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு."

ஊசியை நிறுத்தினான். "வேணாம், வாவ்ராம்மா."

"வெர்ன் உன் கையைத்தாண்டா பார்க்கிறார். கை போச்சுன்னா நீ போனே."

"மாத்துனா அந்த மூணு ஓட்டமும் ரெமி மேல ஏறும். ஏன்னு தோண்டுவாங்க. கண்ணு தெரியலன்னா அனுப்பிடுவாங்கன்னு பயந்து சாகுறான். சீசன் முடியட்டும், நானே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு ஏப்ரல்லயே சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள உன்னை அனுப்பிட்டா?"

"அவன் எறியற பந்தைப் பிடிக்கிறதுதான் என் வேலை. அவன் எப்படி எறிஞ்சாலும்."

"பைத்தியக்காரா, பிடிக்கலயே நீ."

"அதான் சொல்றேன். பிடிக்கல. எழுதுனது சரிதான்."

அவன் பேச்சை மதித்துத்தான் மாற்றாமல் விட்டேன் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ஒன்பது வருஷமாகக் கீறல் விழாத புத்தகத்தைக் கீற மனம் வரவில்லை, அது மறுபாதி. பத்து மணி அடித்தபோது பேனா என் கையில்தான் இருந்தது. மூடி கழற்றவில்லை.

ஞாயிறு மதியம் ஆட்டம் முடிந்ததும் வெர்ன் புத்தகம் கேட்டு வந்தார். சொல்லிவிட்டேன். ரெமியின் கண், டுவேனின் நகம், பதினேழு பிழை, எல்லாவற்றையும்.

வெர்ன் பக்கங்களைப் புரட்டினார். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. நகத்தை நானும் பார்த்தேன். அப்போ வெள்ளிக்கிழமையோட ரெண்டையாவது ஏன் மாத்தல? ஸ்கோரரே மாத்திட்டாங்கன்னு ஆபீசுக்குக் காட்ட எனக்கு ஒரு கீறல் போதுமே. அங்க உட்கார்ந்திருக்கிறவன் பந்தைப் பார்க்கல. எண்ணைத்தான் பார்ப்பான்."

நான் பேனாவை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினேன்.

"சரி, பையனையே கேட்போம்" என்று கீழே இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

டுவேன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ரெமி நாலடி தள்ளிக் காலணி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"சொபோட்கா, நேராக் கேக்கிறேன். வெள்ளிக்கிழமை ரெண்டு பந்தும் நீ கேட்டதா, வேற வந்துச்சா?"

டுவேன் ரெமியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "நான் கேட்டதுதான் சார். கோட்டை விட்டுட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் சார்."

வெர்ன் வளைந்த விரல்களால் நெற்றியைத் தேய்த்தார். திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: "பிடிக்கிறவனே பிடிக்கலங்கிறான். புத்தகமும் அதையேதான் சொல்லுது. உங்க வாய்ச்சொல்லை மட்டும் வச்சு நான் என்னம்மா எழுதுறது?" அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கைக்கு முப்பத்தைந்து போட்டார்.

செப்டம்பர் முதல் வாரம் டுவேனை அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள், வேலை போன அந்தப் பையன், அப்பாவின் பழைய வண்டியில் ரெமியை உட்காரவைத்து சீடர் ரேப்பிட்ஸ் நகரத்துக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனான். ரெமிக்குத் தடித்த கண்ணாடி. அடுத்த வருஷம் அவன் மேலே போனான். அப்புறம் பெரிய லீக்கில் ஐந்து வருஷம் எறிந்தான். கண்ணாடிக்காக அவனை யாரும் எதுவும் சொல்லவில்லை. பயந்ததெல்லாம் வீண். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் டுவேன் வீட்டுக்கு ரெமியிடமிருந்து ஒரு பெட்டி பீக்கன் கொட்டை வந்துவிடுகிறது.

டுவேன் தானியக் கிடங்கில் சேர்ந்தான். கல்யாணம் செய்தான், இரண்டு பெண்கள். தேவாலயத்தில் மீன் வறுக்கும் வெள்ளிக்கிழமைகளில் அடுப்படியில் நிற்பான். பேஸ்பால் பற்றி அவனாக எடுத்து நான் கேட்டதில்லை. நானாக எடுக்கத் தைரியம் வந்ததில்லை.

இந்த வருஷத்தோடு ஸ்கோரர் வேலையை விட்டேன். முப்பத்தாறு கோடை. கூண்டைக் காலி செய்தபோது 1986ஆம் வருஷப் புத்தகம் கையில் வந்தது. மேசையில் வைத்து, சிவப்பு மையில் பதினேழையும் அடித்துத் திருத்தினேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்து, தேதி. விதிப்படி செல்லாது, தெரியும். மறுநாள் காலை எடைமேடைக்கு எடுத்துப் போனேன்.

டுவேன் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். நகங்களில் சோளத்தூசி.

"இப்படி மாத்துனா ரெமியோட சராசரி எங்க போகுது?"

"ரெண்டே முக்கால்ல இருந்தது நாலு ஆகுது."

"நாலுன்னா அவனை மேல அனுப்பிருப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்போ எதுக்கு இதெல்லாம்?" புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டினான். "அப்படியே இருந்திருக்கலாம், வாவ்ராம்மா. அது சரியாத்தான் இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அவன் அவனுக்காக ஒரு வார்த்தை பேசமாட்டான் என்று எரிச்சலும் வந்தது. "உன்னைத் திருத்தவே முடியாதுடா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மேடையில் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. வண்டிக் கதவைத் திறந்தபோது சன்னலிலிருந்து கூப்பிட்டான்.

"வாவ்ராம்மா."

"என்ன?"

"நீங்களா இருந்தா என் கைக்கு எத்தனை போட்டிருப்பீங்க?"

"அறுபத்தஞ்சு."

லாரிக்காரர் சீட்டுக்காகக் கை நீட்டியபடி நின்றார். டுவேன் அவரைக் காத்திருக்க வைத்துவிட்டு, ஒரு வெற்று எடைச்சீட்டில் ஏதோ எழுதினான். அதை இரண்டாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகுதான் லாரியின் எடையைப் பார்த்தான்.