அந்தோனியைக் கண்ட ஏழு பேர்

எண்ணுகிற தொழிலில் வாய்க்கு வேலையில்லை. மொழிபெயர்க்கிற தொழிலில் வாயைத் தவிர மற்றதற்கெல்லாம் ஓய்வு. முப்பத்தொரு வருடம் கொழும்புத் துறைமுகத்தில் இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறித்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு எட்டுக் கிழமை, எட்டே வாரம் மட்டும், இரண்டாவது தொழிலைச் செய்தேன். யுத்த காலம். பொலிசார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஊராருக்குச் சொல்லிக்கொடுக்க, கொட்டாஞ்சேனையில் மாதா கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் ஒரு வகுப்பு வைத்தார்கள். சார்ஜன்ட் சிங்களத்தில் சொல்லுவார், நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். நான் படித்தது ஏழாம் வகுப்பு. சிங்களம் படித்தது மூட்டை தூக்குகிறவர்களிடம். நாலு பேருக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லை. பாதர் கேட்டபோது, மறுக்க வெட்கப்பட்டு ஒப்புக்கொண்டேன். வெட்கத்தால் "சரி" என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு மேலும் விளக்கத் தேவையில்லை.

முதல் வசனம்

முதல் கிழமை நாற்பது கதிரை போட்டேன், எட்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. முப்பத்தேழு பேர் வந்தார்கள். முன்வரிசையில் ஒருவரும் இல்லை, இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். சார்ஜன்ட் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், நல்ல மனிதர், கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடியே பேசுவார். அவர் சொன்ன முதல் வசனம், "பய வென்ன எப்பா." நான் "பயப்பட வேண்டாம்" என்றேன். அதுவரை சும்மா இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: பொலிசாருடைய வேலை என்ன? கடைசியில் சந்தையில் மீன் விற்கிற ரீட்டா அக்கா எழும்பி ஒரு பதில் சொன்னார். சார்ஜன்ட் ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார். "பொலிசார் நன்றாகத் தேடுவார்கள் என்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். ரீட்டா அக்கா உண்மையில் சொன்னது இது: "முதல்ல அவங்க வந்து தேடுவாங்க. பொறகு நாங்க போய்த் தேடணும்."

ஒரு தலை கூடுதல்

வந்தவர்கள் இடாப்புப் புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டாம் கிழமை தலைகளை எண்ணினேன், முப்பத்தெட்டு. கையெழுத்தை எண்ணினேன், முப்பத்தேழு. மறுபடி எண்ணினேன். துறைமுகத்தில் ஒரு மூட்டை கூடினாலும் குறைந்தாலும் கப்பல் நகராது. இங்கே கூடின ஒரு ஆள் ஆரென்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் கிழமை தலை நாற்பது, கையெழுத்து முப்பத்தொன்பது. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஒவ்வொரு பெயராக ஒத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, எல்லாப் பெயருக்கும் ஒரு முகம் இருந்தது. ஆனாலும் முகம் ஒன்று கூடுதல்.

வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று, போகிறவர்களை இடாப்போடு ஒத்துப் பார்த்தேன். தூணோடு ஒட்டின கதிரையில் இருந்து ஒரு அம்மா எழும்பி வந்தார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பெயர் பரமேஸ்வரி, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து பக்கத்து லொட்ஜில் தங்கியிருக்கிறாராம். "அம்மா, நீங்கள் கையெழுத்து வைக்கவில்லை" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு. அவர் இடாப்பைத் திறந்து, பெயர்களை மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்தார். பிறகு மூடி என் கையில் தந்தார். "இப்பிடி எழுதிக்குடுத்த ஆக்களெல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கினமோ, ஐயா?"

சுவர் வாசித்தவர்

நாலாம் கிழமை பொலிஸ் நிலையத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அன்றைக்கு இருபத்திரண்டு பேர்தான் வந்தார்கள், மிச்சப் பேருக்குக் காய்ச்சலாம். முறைப்பாடு எழுதும் மேசை, தொலைபேசி, சைக்கிள் கொட்டகை எல்லாம் பார்த்து முடிந்தது. கடைசியாக ஆட்களை அடைத்து வைக்கும் அறை. கழுவித் துடைத்து வெறுமையாக இருந்தது, பினாயில் மணம். "உள்ளே போய்ப் பார்க்க விருப்பமானவர்கள் போகலாம்" என்றார் சார்ஜன்ட். எல்லாரும் ஒரு அடி பின்னால் வைத்தார்கள். பரமேஸ்வரி அம்மா மட்டும் உள்ளே போனார். இடது மூலையில் தொடங்கி, முகத்தைச் சுவரோடு ஒட்டியது போல் வைத்து, மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்ந்தார்.

நேரம் போகிறதே என்று அவரைக் கூப்பிட நானும் உள்ளே போனேன். சுவர் முழுக்க ஆணியால் கீறின எழுத்து. பெயர்கள், சாமி பெயர்கள், ஒரு மூலையில் கோடுகள். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. துறைமுகத்தில் நாங்கள் மூட்டை எண்ணுகிற அதே விதம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நின்ற இடத்திலேயே எண்ணத் தொடங்கிவிட்டேன். எட்டுக் கட்டும் மூன்று கோடும், நாற்பத்து மூன்று. அதற்கு அப்பால் வெறுஞ்சுவர். அதைக் கீறினவர் என்னத்தை எண்ணினார், ஏன் நிறுத்தினார் என்று அந்தச் சுவரில் இல்லை.

வெளியே வந்து மதில் ஓரத்தில் வைத்துத்தான் அந்த அம்மா சொன்னார். மகனுக்கு இருபத்து நாலு வயது. வெளிநாடு போகக் கொழும்புக்கு வந்த பிள்ளை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, கனடாவில் இருக்கும் மாமன் தொலைபேசியில் கூப்பிடுவார் என்று வெள்ளவத்தைக்குப் போனவன் திரும்பவில்லை. முறைப்பாடு கொடுத்தால், வைத்திருக்கிறவர்கள் கோபத்தில் பிள்ளைக்கு ஏதும் செய்துவிடுவார்களோ என்று பயம். கேட்காமல், எழுதாமல், உள்ளே போய்ப் பார்க்க இந்த வகுப்பை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை. "அதில கிடக்கிறது அவன்ர எழுத்தில்லை, ஐயா. எண்டாலும் எல்லாத்தையும் வாசிச்சன். ஆரோ பெத்ததுகள்தானே."

அந்தோனி காணாமற்போனது

ஐந்தாம் கிழமைப் பாடம், முறைப்பாடு எழுதுவது எப்படி. சார்ஜன்ட் ஒரு படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "பயிற்சிக்கு ஒரு ஆளைக் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆர் அந்த ஆள்?" நாற்பது பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இல்லாத ஆளைக் காணாமற்போகச் செய்யக்கூட அந்த நாளில் ஆட்களுக்கு மனம் வரவில்லை.

அப்போது தூணுக்குப் பக்கத்தில் இருந்து மெல்லிய குரல். வயது இருபத்து நாலு. நீலக் கட்டம் போட்ட சேட்டு. இடது புருவத்தில் தழும்பு. கடைசியாகப் புறப்பட்டது வியாழக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் இருந்து. நான் ஒவ்வொன்றாக எழுதினேன். சார்ஜன்ட் "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று மெச்சினார், நல்ல கற்பனை என்று. படிவத்தில் பதினொரு கட்டம். பத்தில் இருந்தது உண்மை என்று அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பெயர்க் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் தொலைந்தால் அந்தோனியாரிடம்தான் சொல்லுவோம். அதனால் அந்தோனி என்று எழுதினேன். சரியா என்று கேட்பது போல் அந்த அம்மாவைப் பார்த்தேன். "உங்களுக்கு வசதியான பேரைப் போடுங்கோ, ஐயா. அவன் கோவிக்க மாட்டான்."

வீட்டுப்பாடம்

சார்ஜன்ட் அன்றைக்கு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தார். பொலிசாருக்குத் தகவல் கொடுப்பது எப்படி என்று பழக, அந்தோனியை எங்கே, எத்தனை மணிக்குக் கண்டோம் என்று அடுத்த கிழமை வந்து சொல்ல வேண்டும். ஐந்து கிழமையும் ஊமையாக இருந்த வகுப்புக்கு ஆறாம் கிழமை வாய் வந்துவிட்டது. "நான் கண்டேன்", "அட, நானுந்தான் கண்டேன்" என்று போட்டி போட்டுக்கொண்டு எழும்பினார்கள். ஒரே சிரிப்பு. ரீட்டா அக்கா, "என்ட மீனைப் பாத்து மூக்கைப் பொத்திட்டுப் போனான், பாவிப் பய" என்று நடித்தே காட்டினார். மொத்தம் ஏழு பேர்.

நான் வழக்கம்போல அவற்றை நேரப்படி வரிசையாகக் குறித்தேன். குறித்து முடித்ததும் மறுபடி மேலிருந்து வாசித்தேன். ஒன்பதே முக்காலுக்குக் கொட்டாஞ்சேனைச் சந்தை. பத்தேகாலுக்குப் புறக்கோட்டை பஸ் நிலையம். பதினொன்றுக்குக் கொம்பனித்தெரு. மதியத்துக்குப் பிறகு நாலு பேரும் வெள்ளவத்தை. பஸ் ஓடுகிற நேரம், நடக்கிற நேரம் எல்லாம் அச்சாகப் பொருந்தியது. ஏழு பேர் ஏழு பொய் சொன்னால் மணிக்கூடு இப்படி ஒத்துவராது.

கடைசியாக எழும்பியவன் செல்வம், வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறவன். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க, கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கையில் இரண்டு பேர் அந்தோனியை மறித்தார்களாம். ஒரு தாளில் இடது கையால் ஏதோ எழுதிக் கொடுத்தானாம். பிறகு ஒரு வாகனம். "ஏறினானா, ஏத்தினாங்களா, அது ஹோம்வேக்ல கேக்கலியே!" என்று செல்வம் சொல்ல, எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். நான் மொழிபெயர்த்தேன். சார்ஜன்ட் சிரிக்கவில்லை.

நான் படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பரமேஸ்வரி அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, நான் வரிசைப்படுத்தின தாளைத் தொட்டார். "அவன் இடக்கையன் எண்டு நான் உங்களுக்குச் சொல்லேல்லையே, ஐயா."

ஒரு கோடு

அன்றைக்கே எல்லாரும் போன பிறகு அவர் மேசைக்கு வந்தார். சார்ஜன்ட் பயிற்சித் தாளைக் கிழிக்கப் போனார். "கிழிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, ஐயா" என்றார் அந்த அம்மா. பிறகு மகனுடைய முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு, பிறந்த ஊரோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் அந்தோனியை ஒரே கோட்டால் வெட்டி, மேலே அதை எழுதினேன். சார்ஜன்ட் அந்தத் தாளை வாங்கி மடித்தார். பிறகு என்னிடம் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அங்கிள், இப்ப இது வகுப்பு இல்ல."

ஏழு கதிரை

ஏழாம் கிழமை சார்ஜன்ட் உண்மைப் பெயரை வாசித்தார். அந்தோனியைக் கண்ட ஏழு பேரும் திங்கட்கிழமை வந்து வாக்குமூலம் கொடுத்தால் இந்தப் பிள்ளையைத் தேடத் துப்புக் கிடைக்கும் என்றார். நான் அதை இரண்டு தரம் தமிழில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் எழும்பவில்லை. திங்கட்கிழமை ஒருவரும் போகவில்லை. எட்டாம் கிழமை தலைகளை எண்ணினேன், முப்பத்து மூன்று. வராத ஏழு பேரும் ஆரென்று பார்க்க இடாப்பைத் திறக்கத் தேவைப்படவில்லை.

அன்று பின்னேரமே வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினேன். என் வாழ்நாளில் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டுப் போனதில்லை, அன்றைக்குப் போனேன். செல்வம் ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தான். "தம்பி, நீ சொன்னதை அங்கே வந்து ஒருக்காச் சொன்னால் போதும்" என்றேன். அவன் மடிப்பை நீவினான், நிமிரவில்லை. "எனக்கு ரெண்டு பொம்புளப் பிள்ளைங்க இருக்கு, அங்கிள். நான் பாத்தது அந்தோனிய. இந்தப் பொடியன நான் பாக்கல."

திரும்பி வந்து லொட்ஜ் படியில் நின்றபடி அதைப் பரமேஸ்வரி அம்மாவுக்குச் சொன்னேன். சிங்களத்தில் இருந்து தமிழுக்கு மாற்றும்போது நான் பலதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன், கூட்டியும் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். அவர் தெருவில் போகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மறந்துபோன ஒரு சாமானை வாங்கி வரச் சொல்லுகிறவர் போல, சாதாரணமாகக் கேட்டார். "அப்ப பேரைத் திரும்ப அந்தோனி எண்டே மாத்திவிடுங்கோ, ஐயா. அந்தப் பேரிலயாவது சனம் என்ர பிள்ளையைக் காணட்டும்."

எட்டுக் கிழமை பாடம் நடத்தி நாங்கள் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: எங்கள் ஊரில் விளையாட்டுக்கு உண்மை சொல்ல ஏழு பேர் இருந்தார்கள், உண்மைக்கு உண்மை சொல்ல ஒருவரும் இல்லை.