புசல்லாவையில் ஒரு பாதிக் கார்

எங்கள் வீட்டில் ஐந்து பேர். என் கணவர் வாங்கி வந்த காருக்குக் கதவு இரண்டு. பின்சீட் என்று ஒன்று பேருக்கு இருந்தது. அதில் ஒரு சுளகைச் சாய்த்து வைக்கலாம், மனுஷர் உட்கார முடியாது. அக்குறணையில் சட்டி பானை விற்கிறவருக்கு என்னத்துக்கு ரேஸ் கார் என்று நான் கேட்டேன், என் உம்மா கேட்டார், பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் ஊரே கேட்டது. "ஒரு மனுஷனுக்கு ஒரு ஆசை ஈக்க ஏலாதா?" என்றார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆசை ஒரு மழை நாளில் கடுகண்ணாவை வளைவில் வழுக்கி மதகுச் சுவரில் போய் முட்டியது. பக்கத்து சீட்டில் எங்கள் மகள் இருந்தாள். காரின் முன்பக்கம் பிழிந்த துணியாகிவிட்டது. மகளுக்கு முகத்தில், நாடியில் ஒரு சிராய்ப்பு, தோளில் பெல்ட் அழுத்திய நீலத் தடம். அவருக்கு அதுவும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கடை வேனை அவருடைய தம்பி ஓட்டினார். வீட்டுச் சின்னக் காரை நான் ஓட்டினேன். இவர் இடப்பக்கம் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவார். கேட்டால், "என்ட கார் சரியாகட்டும், ஓட்டுறேன்" என்பார். அந்தக் கார் உருண்டு ஓடினாலும் சரி, உக்கிப் போனாலும் சரி, எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மகள், "வாப்பா, டியூஷனுக்குக் கொண்டு உடுங்க" என்று கேட்கும்போதெல்லாம் இந்த மனிதர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழும்பிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மறுபடி ஓட்ட வேண்டும். அதற்குக் கார்தான் மருந்து என்றால் காரையே தேடுவோம் என்று நானும் இறங்கினேன்.

கட்டுகஸ்தோட்டை கராஜ்காரர் சேசியின், அதாவது அடிச்சட்டத்தின், முன்பகுதியே வளைந்துவிட்டது என்றார். துண்டு துண்டாக வாங்கிப் பொருத்துகிற வேலை இல்லையாம். முன்பெல்லாம் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிய கார்கள் வந்து இறங்கும். இறக்குமதி நின்ற வருஷங்களில் அதுவும் நின்றுபோயிற்று. "பின்னால அடிபட்ட இதே மாடல் ஒண்ணத் தேடிப் பிடிங்க. அதுட முன்பக்கத்த வெட்டி இதுக்கு ஒட்டலாம்" என்றார். உடைந்த சட்டி இரண்டைச் சேர்த்து ஒரு சட்டி செய்கிற யோசனை. சட்டிக் கடைக்காரருக்கு அது பிடித்துப் போனதில் ஆச்சரியம் இல்லை.

மாத்தளை, குருநாகல், கம்பளை என்று கேட்காத இடம் இல்லை. கடைசியில் ஊர்க் கார்த் தரகர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். புசல்லாவையில் ஒன்று, லொறி வந்து பின்னால் அடித்தது, ஆள் கொடுக்கிற மனதில் இருக்கிறார். "போய்ச் சும்மா பாருங்க. வாங்க வந்த மாதிரிக் காட்டிக்கொள்ள வேணாம்" என்றும் சொல்லிவிட்டார். அதை அவர் சொல்லவே தேவையில்லை. வாங்கப் போகிறவன் வாங்க வந்தேன் என்று வாய் திறக்கக் கூடாது என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பால்போத்தலோடேயே படித்துவிடும்.

வெறுங்கையோடு போவதா என்று ஒரு பெட்டி மஸ்கட் அல்வா வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். நான்தான் ஓட்டினேன். கம்பளை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். "நீங்க மூச்சு உடுங்க, ரோட்ட நான் பார்க்கிறேன்" என்றேன்.

அது பஸ் வீதிக்குக் கீழே ஒரு துணிக்கடைக்காரரின் வீடு. அறுபது தாண்டியவர், நெற்றியில் திருநீறு. "வாங்க நானா, வாங்க தங்கச்சி, உக்காருங்க" என்று, எங்கள் ஆட்கள் அண்ணனை அழைக்கிற முறையிலேயே இவரை அழைத்து, அவரும் மனைவியும் கதிரைகளை இழுத்துப் போட்டார்கள். வடை வந்தது, தேத்தண்ணீர் வந்தது. மழையைப் பற்றிப் பேசினோம், மரக்கறி விலையைப் பற்றிப் பேசினோம். காரைப் பற்றி இவரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. எனக்கானால் வடையோடு பொறுமையும் தீர்ந்துகொண்டிருந்தது.

கடைசியில் கொட்டகைக்குப் போனோம், நான் கையில் வடைத் தட்டோடு. வெள்ளைக் கார். பின்பக்கம் நசுங்கிக் கிடந்தது, முன்பக்கம் கல்யாண மாப்பிள்ளை. என் கணவர் வியாபார முறைப்படி குறை சொன்னார். "பெயின்ட் மங்கித்தானே ஈக்கி, ஐயா." விற்கிறவராக இருந்தால் அந்த இடத்தில் கோபம் வர வேண்டும். இவரோ சிரித்தார். "ஒங்க வண்டியோட பின்பக்கம் எப்படி நானா? டிக்கியெல்லாம் நல்லா இருக்கா?"

"ஒரு கீறல் இல்ல" என்றார் என் கணவர் பெருமையாக.

"அப்ப எப்ப கொண்டாந்து எறக்குவீங்க?"

எனக்கு வடை புரையேறியது. தரகர் இரண்டு பக்கமும் ஒரே கதையைச் சொல்லியிருக்கிறார்! அவர்களுடைய காருக்கு எங்கள் பின்பக்கம், எங்கள் காருக்கு அவர்களுடைய முன்பக்கம். வாங்க வந்தவரும் வாங்கக் காத்திருந்தவரும் மாறி மாறி உபசரித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், அரை நாளைத் தின்று தீர்த்திருந்தோம். தரகருக்குப் போன் எடுத்தால் அது அணைந்திருந்தது. பின்னே அணையாமல்?

துணிக்கடைக்காரர்தான் முதலில் சமாளித்துக்கொண்டார். "சரி, யாருக்கு ஆசை கூடவோ அவங்க ரெண்டையும் வச்சிக்கட்டும். இஞ்சின் நல்லாத்தான் இருக்கு. ஏறி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க நானா" என்று சாவியை நீட்டினார். பார்க்க வந்த வீட்டில், சாவியை நீட்டுகிறவரிடம் மாட்டேன் என்று சொல்வது எப்படி? என் கணவர் ஏறி உட்கார்ந்தார். கை ஸ்டியரிங்கில் இருந்தது. சாவி திரும்பவில்லை. துணிக்கடைக்காரர் ஜன்னலருகே குனிந்தார்.

"என்னா நானா?"

"ஏலாது, ஐயா."

துணிக்கடைக்காரர் திரும்பித் தன் காரின் நசுங்கிய பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "எனக்குப் பின்னால தான அடிச்சான். நான் எதையும் பாக்கல. அதனால பயமும் இல்ல. நீங்க பாத்துட்டீங்க போல" என்றார்.

"பாத்தேன். சுவர் வார நேரம் நான் சுவரப் பாக்கல்ல. மகளத்தான் பாத்தேன். அவட தல முன்னுக்குப் போச்சி. பெல்ட்தான் புடிச்சி இழுத்திச்சி."

இத்தனை மாதங்களாக மழை, வழுக்கல், டயர் என்பதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாதவர், முன்பின் தெரியாத மனிதரிடம் இதைச் சொன்னார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அழுகை வந்தது. வெறும் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். அந்த அம்மா எதுவும் கேட்காமல் தட்டை வாங்கிக் கழுவினார்.

திரும்பி வந்தபோது என் கணவர் காரைவிட்டு இறங்கியிருந்தார். "நீங்க வெச்சிக்கோங்க, ஐயா. ஓட்டுற ஆள்கிட்ட ஈக்கட்டும். எங்கட காரையும் தாறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போ இனி என்ன சாக்கைச் சொல்லிக் காத்திருக்கப் போகிறார்?

அடுத்த வாரம் துணிக்கடைக்காரர் லொறியோடு கராஜுக்கு வந்தார். கயிறு கட்டுவதற்கு முன்பு என் கணவர் ஸ்பேனரைக் கேட்டு வாங்கினார். இடப்பக்கம் ஏறி, மகள் இருந்த சீட்டின் பெல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.

"அது இனி உதவாது. ஒரு தரம் இழுபட்ட பெல்ட்" என்றார் கராஜ்காரர்.

"தெரியும். இது மட்டும் குடுக்க ஏலாது."

"எடுத்துக்குங்க நானா, எடுத்துக்குங்க" என்றார் துணிக்கடைக்காரர். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெல்ட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து, லொறி கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் சின்னக் காரின் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகவில்லை. மாட்டு வண்டி வேகத்தில் போய் மகளின் டியூஷன் வாசலில் நிறுத்தினார். வழியில் என் கால்தான் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. மகள் வெளியே வந்தாள். வாப்பா இருக்கிற பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என் கதவைத் திறந்து, "உம்மா, நீங்க பின்னுக்குப் போங்க" என்றாள்.

நான் இறங்கிப் பின்சீட்டுக்குப் போனேன். அவள் பெல்ட்டைப் போட்டாள். அவர் கையை நீட்டி அதை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார், இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் கியரைப் போட்டார்.