இரஞ்சிதம் வாய் திறக்காத கூட்டம்

இரஞ்சிதத்தைக் குருவானவர் தேடும் குழுவில் போட்டதற்கு அவருடைய அறிவு காரணமல்ல. மெல்பேர்னில் கிளென் வேவர்லி ரயில் பாதையை ஒட்டிய அந்தச் சின்ன ஆங்கிலிக்கன் கோவிலில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஆராதனையில் கித்தார் வேண்டும் என்றது ஒன்று. கித்தார் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்றது மற்றது. ஒரு கட்சி சொன்ன பெயரை மற்றக் கட்சி வெட்டித்தள்ள, கடைசியில் யாரோடும் சண்டைக்குப் போகாத, பீடத் துணிகளைத் தோய்த்து மடித்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போகிற இந்த யாழ்ப்பாணத்து மனுசிக்கு எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அது 1976. பழைய குருவானவர் ஓய்வுபெற்றுவிட்டார். ஞாயிறுதோறும் யாரோ ஒரு வயதான குரு காரில் வந்து ஆராதனையை முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓடிவிடுவார்.

இரஞ்சிதத்துக்கோ அவசரம் இருந்தது. கணவர் மகேந்திரராஜா முந்தின வருடம் பாரிசவாதத்தில் விழுந்தவர். ஒரு பக்கம் விழுந்ததோடு அவருடைய ஆங்கிலமும் போய்விட்டது. கொழும்பில் கந்தோர் உத்தியோகத்தில் முப்பது வருடம் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிய மனிதர் அவர். இப்படியும் நடப்பதுண்டு என்று டாக்டர் சொன்னார். மிஞ்சியது தமிழ்தான், அதுவும் அரைகுறையாக. அந்த வயதான குரு ஒருமுறை நற்கருணை கொடுக்க வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் செபிக்கத் தொடங்கியபோது, மகேந்திரராஜா பயந்துபோய் அழுதார். அப்பத்தை வாங்கவே இல்லை. அன்றுமுதல் அவருக்கு ஒரே கேள்விதான்.

"இஞ்சாரும், எங்கட குருவானவர் எப்ப வாறார்?"

தமிழில் செபிக்கிற ஒருவர் கையால் நற்கருணை வாங்கிவிட்டுச் சாகவேண்டும். அவ்வளவுதான் அந்த மனிதர் கேட்டது. இரஞ்சிதம் அறிந்தவரையில் மெல்பேர்னில் அப்படி ஒருவர் அப்போது இல்லை.

ஆனால் பேராயரின் அலுவலகம் அனுப்பிய பெயர்களில் ஒன்று வண. அரியரத்தினம் என்றிருந்தது. பேர்த் பக்கம் ஏதோ கோதுமை விளையும் ஊரில் உதவிக் குருவாக இருப்பவர். அது யாழ்ப்பாணத்துப் பெயர் என்று இரஞ்சிதத்துக்குக் கேட்டதுமே விளங்கியது. கர்த்தர் காது கொடுத்துவிட்டார் என்றே நினைத்தார். வீட்டுக்கு வந்து கணவரிடமும் சொல்லிவிட்டார். அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

அரியரத்தினம் நேர்முகத்துக்கு வந்த நாளில் இரஞ்சிதம்தான் தேநீர் ஊற்றினார். கோப்பையை வாங்கியவர் முகம் மலர்ந்து, "அக்கா, நீங்கள் ஊரில எவடம்? சுகமாய் இருக்கிறியளோ?" என்றார்.

மண்டபத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முடிவாகும்வரை குழுவில் உள்ளவர்கள் வந்தவரோடு தனியாக உறவாடக் கூடாது என்பது அங்கே வழக்கம். நலமாக இருக்கிறேன், நன்றி என்று இரஞ்சிதம் ஆங்கிலத்தில் பதில் சொல்லி பிஸ்கட் தட்டை நீட்டினார். அவரும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு ஆங்கிலத்துக்குத் திரும்பினார். இரண்டு தெரு தள்ளி மகேந்திரராஜா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக் காத்திருந்தார். அரியரத்தினத்தை ஒரு மணிநேரம் கூட்டிக்கொண்டு போயிருந்தால் போதும். இரஞ்சிதம் மாட்டார். தன் ஆளைக் கொண்டுவந்துவிட்டாள் என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிடக் கூடாதாம். இந்தப் புத்தி எங்கள் ஆட்களுக்கு எங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டதோ! மாலை விமானத்தில் அரியரத்தினம் போய்விட்டார்.

பிறகு கூட்டம். குழுத் தலைவர் லெஸ் ஒவ்வொருவராகக் கேட்டார். பேச்சு நன்றாக இருந்தது என்றார்கள். கடைசியில் எல்லோரும் இரஞ்சிதத்தின் வாயைப் பார்த்தார்கள். அவர்களுக்கே பிடித்திருக்கிறது, அவர்கள் வாயாலேயே வரட்டும் என்று அவர் நினைத்தார்.

"நான் சொல்ல ஒன்றும் இல்லை. நீங்களே முடிவு செய்யுங்கள்," என்றார், மேசையைப் பார்த்தபடி.

லெஸ் தொண்டையைச் செருமிவிட்டு, "சரி, அடுத்தவரைப் பார்ப்போம்," என்றார். கித்தார் வாசிக்கிற ஓர் இளைஞரைத் தெரிவு செய்தார்கள்.

சில வாரம் கழித்து, ஆராதனை முடிந்ததும், குழுவில் இருந்த டொரத்தி என்ற அம்மா இரஞ்சிதத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "அரியரத்தினம் விஷயத்தில் உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். எங்கள் எல்லோருக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் உங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குத்தானே தெரியும். நீங்கள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. ஏதோ இருக்கிறது என்று விளங்கிக்கொண்டோம். அதை வெளியில் விடாதது உங்கள் பெருந்தன்மை."

"இல்லை, அப்படி ஒன்றும் இல்லை. அவர் நல்லவர்," என்று இரஞ்சிதம் பதறினார்.

"நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள்," என்று டொரத்தி அன்பாகத் தோளைத் தட்டினார். அரியரத்தினம் அதற்குள் கனடாவுக்குப் போக ஒப்புக்கொண்டிருந்தார்.

கிடைக்கவிருந்த ஒருவரை விட்டதோடு, ஒரு குற்றமும் செய்யாதவர் தலையில் பழியையும் போட்டாயிற்று. வீட்டுக் கதவைத் திறந்ததும் கட்டிலில் இருந்து அதே கேள்வி வந்தது. இந்த முறை இரஞ்சிதம் மழுப்பவில்லை.

"வரமாட்டாரப்பா. நான்தான் கேக்காமல் விட்டனான்."

"ஏன்?"

"ஆக்கள் என்ன நினைப்பினமோ எண்டு."

மகேந்திரராஜா சொல்லைத் தேடினார். தமிழும் அவருக்கு அப்போது மெதுவாகத்தான் வரும்.

"எந்த ஆக்கள்?" என்று கேட்டார்.

அந்தக் குளிர்காலம் முடியுமுன் மகேந்திரராஜா போய்விட்டார், நற்கருணை வாங்காமலே.