இறக்கத்தில் நின்ற ஜீப்

பேட்டரிக் கடைக்குச் சந்தோஷமாக வருகிறவர் என்று யாருமே கிடையாது. வண்டி கிளம்பாதவர்தான் வருவார்.

அவசரமாகப் புறப்படும்போது சாவியைத் திருப்புகிறீர்கள். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அந்த நிமிஷம் உங்களுக்கும் வாய்த்திருக்குமானால் நாமெல்லாம் ஒரே ஜாதி. எண்பதுகளில் ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் எனக்கு ஒரு பேட்டரிக் கடை இருந்தது. சேலத்திலிருந்து புதியது வரவழைத்து விற்பேன், பழையதற்குச் சார்ஜ் ஏற்றுவேன். ஆசிட் தெறித்து ஓட்டை விழாத சட்டை என்னிடம் ஒன்றுகூட இருந்ததில்லை.

ஊற்றுத் தண்ணீர்

மலைக்குள் தள்ளியிருந்த மாரமங்கலம் கிராமத்துப் பொன்னுசாமி வாடகை ஜீப் ஓட்டினார். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே வண்டி அதுதான். மிளகு மூட்டையும் அதில்தான் வரும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அதில்தான் வருவார்கள். ஒரு பங்குனியில் பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே தகடுகளின் மேல் காவி படிந்திருக்கிறது.

டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது என்று விற்கும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டால், பாறையிடுக்கில் வருகிற ஊற்றுத் தண்ணீர் என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு நன்றாகத் திட்டியிருப்பேன். ஆனால் அவர் முகத்தில் தப்புச் செய்தவரின் சாயலே இல்லை.

"ஏனுங்க பாய், நோவுல கெடக்கறவங்களுக்கே அந்தத் தண்ணியத்தானுங்க குடுக்கறோம். பேட்டரிக்கு மட்டும் ஆவாதுங்களா?"

ஒரு மாசம் ஓடும்

சோதித்துப் பார்த்ததில் பேட்டரியின் ஆறு அறைகளில் ஒன்று செத்தே போயிருந்தது. மாற்றத்தான் வேண்டும். பொன்னுசாமியோ, மிளகு மூட்டையெல்லாம் சேலம் இறங்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

எங்கள் மலை டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். காலையில் கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும். உருளும்போதே கியரில் விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். பேட்டரி செத்த சேதியே பல பேருக்கு மாதக்கணக்கில் தெரியாது. எனக்கு இது நன்றாகத் தெரியும், கூடாது என்பதும் தெரியும். வாடிக்கைக்காரரின் முகம் கோணக் கூடாதே என்று, "சரி, ஒரு மாசம் ஓடும்" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"மலை பூரா இறக்கமுங்க பாய். நமக்கு என்னங்க கவலை?"

களத்துச் சேறு

சித்திரையில் மாரமங்கலத்தில் மாரியம்மன் நோன்பி. சாமி ஊர்வலம் வருகிற பாதை என்று, பொன்னுசாமியின் ஜீப்பை அது வழக்கமாக நிற்கும் இறக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அவரும் கொண்டுபோய் ராகி அடிக்கும் களத்தில் நிறுத்தினார். மலையிலேயே சமதரை என்று இருந்தது அது ஒன்றுதான். அன்று மத்தியானம் கோடை மழை கொட்டிக் களம் சேறாகிவிட்டது.

மழை விட்டதும் வெள்ளையன் என்ற விவசாயி ஓடி வந்தார். அவர் மனைவி ராசாத்திக்குப் பிரசவ வலி, தலைப் பிள்ளை. பொன்னுசாமி சாவியைத் திருப்பினார். 'டக்.' நோன்பிக்குக் கூடியிருந்த ஊரே சேர்ந்து தள்ளியது. கியரில் விட்டதும் சக்கரம் உருளாமல் சேற்றில் வழுக்கிக்கொண்டு போனதே தவிர, என்ஜின் பிடிக்கவில்லை. கடைசியில் இரண்டு ஜோடி மாடுகளைப் பூட்டி ரோட்டு இறக்கத்துக்கு இழுத்துவந்து உருட்டிக் கிளப்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் ராசாத்தி பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் பொன்னுசாமி கடைக்கு வந்து, செத்த பேட்டரியை மேஜைமேல் வைத்தார். ஓடும் என்று சொன்னது நான்தானே என்றேன். என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க சரியாத்தானுங்க சொன்னீங்க பாய். நாந்தான் இறக்கத்த உட்டுப்போட்டு வேற எடத்துல நிறுத்திப்புட்டேன்."

மாசி வரைக்கும்

அன்றே அவர் ஜீப்புக்குப் புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் எந்த வண்டிக்காரரிடமும் 'ஓடும்' என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. இரண்டாம் வருஷம் தை மாதத்தில் ஒருநாள் வெள்ளையன் கடை வாசலில் வந்து நின்றார். அவரிடம் வண்டி ஏது? உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஏனுங்க பாய், பொன்னுசாமி ஜீப்புக்கு நீங்க போட்டுக் குடுத்த பேட்டரி மாசி வரைக்கும் நிக்குமுங்களா?" என்று கேட்டார். ராசாத்திக்கு மாசியில் பிரசவ நாள் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நிற்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, கடையிலிருந்த புது பேட்டரி ஒன்றை எடுத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். பழையதில் இன்னும் தெம்பிருக்கிறதே என்று பொன்னுசாமி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் புதியதை மாட்டினேன். ஜீப்பை அதே களத்தின் நடுவில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். முதல் திருப்பலிலேயே என்ஜின் பிடித்தது. அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன், மறுபடியும் பிடித்தது. கூடி நின்றவர்கள் கலைந்து போனார்கள். களத்து ஓரத்தில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ராசாத்தி மட்டும் நின்றாள். அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை.

"ஏனுங்ணா, இன்னொருக்கா போடச் சொல்லுங்க."

மாசியில் அந்த ஜீப்பில்தான் போனார்கள், பெண் குழந்தையோடு அதிலேயே திரும்பி வந்தார்கள். மலையிலும் சமதரை உண்டு என்பதை, அந்த மலையிலேயே பேட்டரி விற்றுப் பிழைத்த நான் தெரிந்துகொண்டது இவ்வளவு தாமதமாகத்தான்.