இடது வட்டத்தில் ஏறிய சத்தம்

2003 டிசம்பர் 11, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, கிடர்பூரில் எங்கள் குடியிருப்பின் பின்புறத் திடலில் அம்மாவின் கோலப்பொடியால் பெரிய எட்டு ஒன்று வரைந்தேன். மறுநாள் காலை ஓட்டுநர் தேர்வு. எனக்கு அது இரண்டாம் முறை. முதல் முறை எட்டின் இடது வட்டத்தில் வண்டி பாய்ந்தது, கால் தரையில் ஊன்றியது, அத்துடன் முடிந்தது.

வண்டி அண்ணனுடையது. நீண்டு தாழ்ந்த க்ரூசர் வகை மோட்டார் சைக்கிள். புனேவுக்கு வேலைக்குப் போகுமுன் அழகுக்காக அதில் உயரமும் அகலமுமான வேறு ஹேண்டில்பாரைப் பொருத்தியிருந்தான். இப்போது வண்டியை அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் நச்சரித்துக்கொண்டிருந்தான். அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: லைசென்ஸ் கிடைத்தால் வண்டி எனக்கு, இல்லையென்றால் சனிக்கிழமை ரயில் பார்சலில் அவனுக்கு. இரண்டு பேருந்து மாறி, பெரும்பாலும் நின்றபடியே கல்லூரிக்குப் போய்வந்த எனக்கு அந்த வண்டி வேண்டும்.

எட்டுப் போடும்போது நான் ஆக்ஸிலரேட்டரைத் திருகுவதில்லை. முதல் கியரில், என்ஜின் தானாக ஓடும் வேகத்திலேயே வண்டி ஊர்ந்து போகும். அந்த வேகத்தை மெக்கானிக்குகள் ஐடிலிங் என்பார்கள். கார்புரேட்டரின் பக்கத்திலுள்ள சிறு திருகு அதைக் கூட்டும், குறைக்கும். முதல் தோல்விக்குப் பின் டிராம் பாதையோர மெக்கானிக் அதைக் குறைத்தார். இடது வட்டத்தில் பாய்ச்சல் அடங்கியது. வலது வட்டத்தில் என்ஜின் நின்றுபோனது. மீண்டும் போய்ச் சொன்னபோது, "காரி டீக் ஆச்சே, தீதி. ஹாதே ஜோர் நேய்" என்று வங்காள மொழியில் சொல்லிச் சிரித்தார். வண்டி சரியாகத்தான் இருக்கிறதாம், என் கையில்தான் பலமில்லையாம். அப்பாவும் அதை நம்பினார்.

நான் நம்பவில்லை. என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை கால் மணி நேரம் திடலைச் சுற்றினேன். பிறகு திருகின் தலையில் கரெக்ஷன் ஃப்ளூயிடால் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன், எவ்வளவு திருப்புகிறேன் என்பது தெரிய வேண்டும் என்பதற்காக. கால் சுற்றுக் கூட்டினால் இடது வட்டத்தில் வண்டி கோட்டைத் தாண்டியது. கால் சுற்றுக் குறைத்தால் வலது வட்டத்தில் இருமி நின்றது. ஆறு முறை முயன்றும் இதேதான்.

மேல்மாடியில் குடியிருந்த வங்காளி அம்மாளை நான் காக்கிமா என்று அழைப்பேன். அவர் பால்கனியிலிருந்து குனிந்து, "ஓ மா! மோட்டார் சைக்கிளுக்கும் அல்போனாவா?" என்று கேட்டார். அவருக்குக் கோலமெல்லாம் அல்போனாதான்.

"மார்கழிக்குன்னு வாங்கி வெச்ச பொடி. மாசம் பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிடுவா" என்றாள் கீழே நின்ற அம்மா.

ஒரே திருகு, ஒரே நிலை, ஆனால் இரண்டு வட்டங்களில் இரண்டு வேகம். இரண்டு வட்டங்களுக்கும் இடையே மாறுவது ஹேண்டில்பாரின் திசை ஒன்றுதான். மதியம் விடுப்பெடுத்திருந்த அப்பாவை அழைத்து, கியரில்லாமல் என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா? எருமையைக் குளிப்பாட்டப் பிடிச்ச மாதிரி இருக்கு."

"ஆக்ஸிலரேட்டர்ல கை வைக்காதீங்கப்பா. சத்தத்தை மட்டும் கேளுங்க."

முன்னால் போய் நின்று, விளக்கின் இருபுறமும் பிடித்து ஹேண்டில்பாரை முழுக்க இடப்பக்கம் தள்ளினேன். என்ஜின் சத்தம் ஏறியது. வலப்பக்கம் தள்ளினேன், இறங்கியது.

"நீ முறுக்கினியா?"

"என் ரெண்டு கையும் இங்க இருக்கு. பாருங்க."

அப்பா குனிந்து பார்த்தார். "மறுபடி திருப்பு" என்றார். திருப்பினேன். மறுபடியும் ஏறியது.

ஆக்ஸிலரேட்டர் கேபிள் பழைய ஹேண்டில்பாரின் அளவுக்கானது, இந்த உயரத்துக்கு மட்டுமட்டாகத்தான் எட்டும். கண்ணில் படாமலிருக்க அண்ணன் அதை வளைத்து, பிளாஸ்டிக் பட்டையால் சட்டத்தோடு இறுக்கியிருந்தான். இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் கேபிள் இழுபட்டு, யாரும் தொடாமலே என்ஜினை முடுக்கியது. மெக்கானிக் எந்த வேகத்தில் வைத்திருந்தாலும் ஒரு வட்டத்துக்கு அது தவறாகவே இருந்திருக்கும். சமையலறைக் கத்தரிக்கோலால் பட்டையை வெட்டி, கேபிளை நேர்வழியில் விட்டேன். இப்போது இரு பக்கமும் ஒரே சத்தம்.

அதற்குப் பிறகே திருகைத் தொட்டேன். ஆக்ஸிலரேட்டரை முறுக்கிச் சட்டென்று விட்டபோது என்ஜின் தடுமாறாமல் பழைய ஓட்டத்துக்கு வர வேண்டும். முதல் கியரில் மனிதர் நடக்கும் வேகத்தில் வண்டி போக வேண்டும். வெள்ளைப் புள்ளி, கடிகாரத்தில் நான்கு இருக்கும் இடத்துக்கு வந்தபோது இரண்டும் அமைந்தன. எட்டு அழிந்து தடமாகும்வரை ஓட்டினேன். ஒருமுறைகூடக் கால் ஊன்றவில்லை.

மறுநாள் காலை பனிமூட்டம். அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து, என்ஜின் சூடேறட்டும் என்று சுற்றுவழியில் ஓட்டிப் போனேன். ஆய்வாளருக்கு என்னை நினைவிருந்தது. "அபார் ஏய் காரி? மறுபடியும் இதேதானா? ஒரு ஸ்கூட்டி கொண்டுவரக் கூடாதா?" என்று வங்காள மொழியில் கேட்டார்.

"இதைத்தான் ஓட்டப்போகிறேன்" என்று அவர் மொழியிலேயே சொன்னேன்.

இடது வட்டம், வலது வட்டம், மீண்டும் தொடங்கிய இடம். ஆய்வாளர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். "நான் பார்க்கவில்லை, இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவை ஓட்டினேன். படிவத்தில் தேறியதாக எழுதி, என்ஜினை அணைக்கச் சொன்னார். அணைத்துவிட்டு, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டேன். பிறகு அப்பாவை அவருடைய அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, பதினொரு மணி வகுப்புக்கு வண்டியிலேயே போனேன்.