புளியமரத்து ஈஸ்ட்

பவித்ரா கணினித் திரையைத் திருப்பிக் காட்டியபோது பேராசிரியர் அன்புக்கரசிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. திரையில் இரண்டு ஈஸ்ட்களின் மரபணுத் தொகுப்பு அருகருகே இருந்தது. ஒன்று, நத்தம் புளியந்தோப்பில் பல வருடங்களுக்கு முன் அவரே பிடித்தது. மற்றது, சும்மா ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று ஆய்வு மாணவி பவித்ரா நத்தத்தில், அக்கம்பக்கத்தில் பழைய மாவு வாங்கிக் கலக்கும் தன் வீட்டுத் தோசை மாவிலிருந்து எடுத்தது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன.

"பாத்தியா! நான் சொன்னேன்ல, மரத்துலருந்துதான் அடுப்படிக்கு வந்துச்சுன்னு" என்றார்.

"மேடம், வித்தியாசம் எம்புட்டுன்னு பாருங்க" என்றாள் பவித்ரா. அவள் குரலே சரியில்லை.

ஈஸ்ட் பெருகும்போது மரபணுவில் எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். அந்தப் பிசகுகளை எண்ணினால் இரண்டு வம்சங்கள் பிரிந்து எத்தனை காலமாயிற்று என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். மரமும் சமையலறையும் பிரிந்து ஆயிரக்கணக்கான வருடங்களாவது ஆகியிருக்க வேண்டும். திரையிலிருந்த பிசகுகளையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். இவை தூரத்துப் பங்காளிகள் அல்ல, நேற்றுத் தனிக்குடித்தனம் போன அண்ணன் தம்பிகள்.

அன்புக்கரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் புளியமரத்து ஈஸ்ட்தான் அவருடைய வாழ்க்கை. ஆத்தூர்ப் பக்கம் தென்னை வைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். மரபியல் படிக்க பெங்களூர் போய், ஈஸ்ட்டில் ஆராய்ச்சி என்று சொன்னதும் சொந்தபந்தம் முழுக்க வாயைப் பிளந்தது. "சாராயம் காய்ச்சுறதுக்கா பொம்பளப்பிள்ள இம்புட்டுத் தூரம் போகுது?" என்று பெரியப்பா ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்தப் பெரியப்பாவே பின்னாளில், அன்புக்கரசியின் படம் பத்திரிகையில் வந்தபோது, "எங்க வீட்டுப் பிள்ள" என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஊர் உலகம் அப்படித்தான்.

வெளிநாட்டில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு அவர் திண்டுக்கல்லுக்குத் திரும்பியது ஒரே ஒரு கேள்விக்காக. நம் மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட், மனிதன் சமைக்கத் தொடங்கும் முன் எங்கே இருந்தது? பதில் தேடி நத்தம் புளியமரங்களிலும் கன்னிவாடி அடிவாரத்து மரங்களிலும் பட்டையைச் செதுக்கி, சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலில் போட்டார். ஈஸ்ட் இருந்தால் சில நாளில் நுரை கட்டும். ஆய்வகத்தில் வைத்தால் அங்குள்ள ஈஸ்ட் கலந்துவிடும் என்று பயந்து, பாட்டில்களை அந்தந்த மரத்திலேயே கட்டிவிட்டு வருவார். பக்கத்திலேயே பட்டை போடாத வெறும் பாட்டில் ஒன்றும் தொங்கும். அது பொங்கினால் வெளியிலிருந்து ஏதோ புகுந்துவிட்டது, மொத்தமும் வீண் என்று அர்த்தம்.

முதல் இரண்டு வருடம் ஒன்றும் பொங்கவில்லை. மூன்றாம் வருடம் பொங்கியது. நத்தத்திலும் பொங்கியது, கன்னிவாடியிலும் பொங்கியது. வெறும் பாட்டில்கள் மட்டும் கண்ணாடியாகத் தெளிந்திருந்தன. அந்த ஈஸ்ட்டின் மரபணுவைப் படித்தபோது, தானியத்துச் சர்க்கரையைத் தின்னும் மரபணுக்கள் அதில் பல நகல்களாகப் பெருகியிருந்தன. புளியமரத்தில் ஏது அரிசி? அப்படியென்றால் மனிதன் உலை வைக்கும் முன்னரே, காட்டிலேயே இது சமையலறைக்குத் தயாராகிவிட்டது என்று அன்புக்கரசி எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. பாடப்புத்தகத்தில்கூட ஏறிவிட்டது.

இப்போது அது ஆட்டம் கண்டது. மறுநாள் காலையிலேயே பவித்ராவை ஏற்றிக்கொண்டு நத்தத்துக்குக் காரை விட்டார்.

தோப்பைக் காவல் பார்த்த சோலையம்மாள்தான் அந்த நாட்களில் பாட்டில்களையும் பார்த்துக்கொண்டவர். இவர்களைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"வாங்க டீச்சரம்மா! செத்த நேரம் உக்காருங்க, தோச ஊத்தித் தாரேன்."

"அதெல்லாம் இருக்கட்டும்க்கா. அந்தப் பாட்டில யாராச்சும் தொட்டாங்களா? பிள்ளைக யாராச்சும் விளையாண்டுச்சா?"

"பிள்ளைகளக் கிட்ட விடுவனா? நான்தான் மூடியத் தொறந்தேன்."

"எதுக்குக்கா தொறந்தீங்க?"

"பொறவு? ரெண்டு வருசமா வாரீங்க, பாட்டிலப் பாக்குறீங்க, மொகம் செத்துப்போயி திரும்புறீங்க. வெறுங்கையோட போகுதே இந்தப் பிள்ளன்னு எனக்கு மனசு கேக்கல. பொங்கணும்னுதான சொன்னீங்க? மாவுல விரலத் தொட்டு ஒரு சொட்டு விட்டேன். நாளு முடியறதுக்குள்ள பொங்கிருச்சு. அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க பாருங்க, அம்புட்டு சந்தோசம் எனக்கு."

பவித்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். அன்புக்கரசி கிடைத்த கட்டையைப் பிடிக்கப் பார்த்தார்.

"ஆனா அந்த வெறும் பாட்டில் பொங்கலயேக்கா!"

"அது பொங்குனா எல்லாம் வீணாப் போயிரும்னு நீங்கதான படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க? அதுல கை வைப்பனா?" சோலையம்மாளுக்குக் கோபம்கூட வந்துவிட்டது. தன்னை அவ்வளவு விவரம் கெட்டவள் என்று நினைத்துவிட்டார்களே என்ற கோபம்.

சரி, நத்தம் போனால் போகட்டும். கன்னிவாடி இருக்கிறது. அங்கே பாட்டிலைப் பார்த்துக்கொண்டது மகேஸ்வரி. இங்கிருந்து அத்தனை தூரம் தள்ளி...

"மகேஸ்வரி அப்படி ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். கேட்கும்போதே, மகேஸ்வரியை அந்த வேலைக்குக் கூட்டிவந்து விட்டது யார் என்று நினைவு வந்துவிட்டது.

"என் தங்கச்சி நான் சொல்லித் தட்டுவாளா? 'ஏன்டி, ஒனக்குப் பொங்கலயா'ன்னு கேட்டேன். இல்லன்னு அழுகாத கொறையாச் சொன்னா. ஒரு தூக்குல நம்ம வீட்டு மாவையே குடுத்துவிட்டேன்."

அன்புக்கரசி அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மரபணு ஒருநாளும் பொய் சொல்லவில்லை. நான் சோற்றோடு வளர்ந்தவன் என்று அது முதல் நாளே சொல்லியிருக்கிறது. இவர்தான் அதற்குக் காட்டில் ஒரு பிறந்த வீடு கட்டிக் கொடுத்தார்.

சோலையம்மாளின் முகம் மாறியது. "ஏதும் தப்பாப் போச்சா டீச்சரம்மா?"

அன்புக்கரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், கொண்டுவந்து வைத்த தோசையைத் தின்றுவிட்டுக் காருக்கு வந்தார்.

கதவைச் சாத்தியதும் பவித்ரா மெதுவாகச் சொன்னாள். "மேடம், இதோட அர்த்தம் என்னன்னு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. சாயங்காலத்துக்குள்ள கட்டுரை போட்ட ஜர்னலுக்கு எழுதிரணும். கட்டுரையத் திரும்ப வாங்கிக்கிறோம்னு எழுது."

பவித்ரா போனைக் கையில் எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன காரணம்னு மேடம் எழுத?"

"என் மொகம் வாடக் கூடாதுன்னு மாவ ஊத்துனாங்கன்னு எழுது."

"ஜர்னலுக்கு அப்படியா மேடம் எழுதுவாங்க?"

"வேற எப்படி எழுதுனாலும் அவங்க மேல பழி விழுந்துரும்மா" என்றார் அன்புக்கரசி.