சோலையம்மாள் மில் என்ஜின்

என் வீட்டுக்காரர் ஊர்க்காவலன் நாரணாபுரம் ரோட்டில் என்ஜின் பட்டறை வைத்திருக்கிறார். பழைய ஆயில் என்ஜின் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் தேடி வருவார்கள். கைவேலையில் கெட்டிக்காரர். ஆனால் வேலை சொதப்பினால் மட்டும் குற்றம் எப்போதும் அடுத்தவர் தலையில்தான் விழும்.

இரண்டாயிரத்து எட்டில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருக்கோடியில் மாவு மில் வைத்திருக்கும் சோலையம்மாள், மூலையில் கிடந்த மாமனார் காலத்து சீமை என்ஜினை ஓட்டிப் பார்க்கலாம் என்று இவரைக் கூப்பிட்டார். இவர் உள்ளே இருந்த துருவையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்தார். சூடு தணிக்கும் தண்ணீரை ஊற்றியதும் என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் கசிந்தது. வார்க்கும்போதே இரும்பில் ஊசிமுனைத் துளைகள் விழுந்திருக்கின்றன. அத்தனை வருஷமும் அவற்றை அடைத்து வைத்திருந்தது அந்தத் துருதான்.

"தீபாவளிக்குள்ள ஓடணும்ப்பா. முறுக்கு மாவு சீசனை விட்டேன்னா ஆளுக வேற மில்லுக்குப் பழகிருவாக. பிறகு நான் மில்லைப் பூட்டிட்டு உக்கார வேண்டியதுதான்" என்றார் சோலையம்மாள். புருஷன் இல்லாதவருக்கு அந்த மில்தான் சோறு.

பழைய வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்தால் விரிசல் விட்டுவிடும். அதனால் இவர் இரும்புத்தூளையும் நவச்சாரத்தையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து துளையில் திணிப்பார். மூன்று நாளில் தூள் துருப்பிடித்து, உப்பி, கல்லாக இறுகிவிடும். வழக்கமாகப் பக்கத்து லேத் பட்டறையில் கூட்டி அள்ளிய தூள்தான். இந்தத் துளைகள் பொடிசு என்பதால் அது இறங்காது என்று நினைத்துவிட்டார்.

"உங்க கம்பெனியில நைசா இரும்புத்தூள் இருக்கும்ல? ரெண்டு கை வாங்கிட்டு வா" என்றார். நான் வேலை பார்ப்பது கம்பி மத்தாப்பு கம்பெனி. எதற்கு என்று அவர் சொல்லவில்லை. சீசன் அலுப்பில் நானும் கேட்கவில்லை. ஃபோர்மேனிடம் சொல்லி ஒரு டப்பா வாங்கிவந்து கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றினார். ஒழுகியது. நவச்சாரம் கலப்படம் என்று நாட்டுமருந்துக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். வேறு கடையில் வாங்கித் திணித்தார். அதுவும் ஒழுகியது. பிளாக்கை வார்த்த வெள்ளைக்காரனைத் திட்டினார். மூன்றாம் தடவை ஒழுகியபோது திட்டு என் ரசத்துக்கு வந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை சோலையம்மாள் வந்து, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கேன். இல்லைன்னா பழைய இரும்புக்குப் போட்டுருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு மழை. மருந்தில் முக்கிய கம்பி காயாது என்பதால் கம்பெனி லீவு. மனசு கேட்காமல் தூக்குவாளியோடு பட்டறைக்குப் போனேன். நான் கொடுத்த டப்பாவைக் கவிழ்த்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இந்தத் தூளையா துருப்பிடிக்க வைக்கீக?"

"பின்ன?"

"இது பிடிக்காதுங்க. தூளு துருவேறுனா மத்தாப்புல பூ விழாது. அதனால மொதல்ல எண்ணெயில புரட்டிருவோம். அந்தப் புரட்டுற வேலையே நாந்தான் பாக்கேன்."

பிசைந்த கை நின்றுவிட்டது. என் வாய்தான் நிற்கவில்லை. "பதினெட்டு வருசமாப் போய்ட்டு வாரேன். அங்கன என்ன செய்யிறன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீகளா?"

இவர் எழுந்து போய் லேத் தூளை அள்ளிவந்து உரலில் போட்டு இடித்தார். நான் என் முந்தானைத் துணியில் சலித்துக் கொடுத்தேன். துளைகளில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் புதிதாகத் திணித்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. என்ஜின் ஓடிய சத்தத்தில் மில்லே அதிர்ந்தது. சோலையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்ப மட்டும் எப்படிப்பா நின்னுச்சு?" என்று கேட்டார்.

"மொத வாங்குன தூளு சரியில்லக்கா" என்றார் இவர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தூளில் என்ன குறை? ஒரு பொட்டு துரு ஏறாமல் பதமாகப் புரட்டியது என் கை. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "தூளுக்கு எம்புட்டு எண்ணெய் ஊத்துவ?" என்று கேட்டார்.

"சரியில்லாத தூளுக்கு எம்புட்டு ஊத்துனா என்ன? உங்க அக்காகிட்டயே கேளுங்க."

பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது பின்னால் சோலையம்மாள், கையெல்லாம் மாவோடு, ஒன்றும் புரியாமல் வந்து நின்றார்.

"அக்கா, காலையில நான் சொன்னது பொய்யி. தூளு நல்ல தூளு. இவ புரட்டுனது. எனக்குத்தான் தெரியல" என்றார் இவர். பிறகு என் முன்னால் உட்கார்ந்து, "இப்பச் சொல்லு வேலுத்தாயி, எம்புட்டு எண்ணெய்?" என்று கேட்டார்.